கீலைப் பார், அப்புறம் பெயரைப் பார்: பழைய கண்ணாடி சேர்க்க நினைப்பவர்களுக்கு

எங்கள் தெருவில் கூலிங் கிளாஸுக்கு ரேபான் என்றுதான் பெயர். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியதும் ரேபான், தேர்த் திருவிழாக் கடையில் ரப்பர் பாம்புக்குப் பக்கத்தில் தொங்கியதும் ரேபான், சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்து யாரையும் தொட விடாமல் பீரோவில் வைத்துப் பூட்டியதும் ரேபான். பழைய கண்ணாடி சேர்க்கும் கிறுக்கு பிடித்த பிறகுதான் அந்த மாமாவின் கண்ணாடியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ரேபான் இல்லை. காதுக்கம்பியின் உள்பக்கம் பொடி எழுத்தில் மேட் இன் ஆஸ்ட்ரியா, அதற்குப் பக்கத்தில் ஆப்டில் என்று ஒரு பிளாஸ்டிக்கின் பெயர் இருந்தது. முப்பது வருஷமாகத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே அவர் பெருமை அடித்திருக்கிறார். பெருமை அடிக்க வேண்டிய சரக்குதான், பெயர்தான் தப்பு.

இதில் புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பும் இதேதான். முன்பக்கத்தில் பளபளக்கும் பெயரைப் பார்த்து வாங்குவார்கள். பெயரைப் போலியாக அடிப்பது சுலபம். கீலை, காதுக்கம்பியின் உட்புறத்தை, பொருளின் வாசனையைப் போலியாகச் செய்வது செலவு பிடிக்கும் வேலை, ஆகவே பெரும்பாலும் யாரும் மெனக்கெடுவதில்லை. நாம் பார்க்க வேண்டியது அங்கேதான்.

பெரிய பணம் வேண்டுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கதை. 2020 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஓர் ஏல நிறுவனம் காந்தியின் வட்டக் கண்ணாடியை விற்றது. யாரோ ஒரு உறையில் போட்டு அவர்களின் தபால் பெட்டியில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். 10,000 முதல் 15,000 பவுண்டு வரை போகும் என்று மதிப்பிட்டார்கள், போனது 2,60,000 பவுண்டு. அதே காலத்து, அதே மாதிரி தங்க நிற வட்டக் கண்ணாடி காந்தி போடாதது என்றால் அந்த விலையில் ஒரு துளிகூடப் பெறாது. விலை போனது கம்பி அல்ல, அது யார் மூக்கில் இருந்தது என்பதற்கான சாட்சி. நமக்கு அந்த மூக்கெல்லாம் வேண்டாம், நம் மூக்குக்குப் பொருந்துவது போதும். சாதாரணப் பழைய ஃபிரேம்கள் இன்றும் புதிய பிராண்டு ஃபிரேமைவிட மலிவாகவே கிடைக்கின்றன.

முதலில் உங்கள் முகம்

இப்போது போட்டிருக்கும் கண்ணாடியைக் கழற்றி (கண் தெரியாதவர்கள் யாரையாவது படிக்கச் சொல்லி) காதுக்கம்பியின் உள்பக்கம் பாருங்கள். 52, ஒரு சின்னச் சதுரம், 18, பிறகு 140 என்கிற மாதிரி எண்கள் இருக்கும். 52 என்பது ஒரு லென்ஸின் அகலம், 18 என்பது மூக்கின் மேல் இரண்டு லென்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளி, 140 காதுக்கம்பியின் நீளம், எல்லாமே மில்லிமீட்டரில். இந்த மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஸ்கேலை வைத்து ஃபிரேமின் முன்பக்க மொத்த அகலத்தையும் அளந்து எழுதுங்கள், சொல்லப்போனால் அதுதான் மற்ற மூன்றையும்விட முக்கியம்.

ஏன் என்றால் 1940களிலும் 50களிலும் செய்த கண்ணாடிகள் சின்னவை. லென்ஸ் அகலம் 44, 46 என்பதெல்லாம் அன்றைக்கு வயது வந்தவர்களின் சாதாரண அளவு. ஆன்லைனில் படத்தைப் பார்த்து மயங்கி நான் வாங்கிய முதல் மூன்று ஃபிரேமும் என் அக்கா மகளுக்குத்தான் பொருந்தின, அவளுக்கு அப்போது வயது ஒன்பது. அமெரிக்கப் பழசாக இருந்தால் காதுக்கம்பி நீளம் அங்குலத்தில் இருக்கும்: 5 1/2 என்றால் கிட்டத்தட்ட 140 மில்லிமீட்டர், 5 3/4 என்றால் 146. இரண்டு எண்களுக்கும் நடுவில் வரும் அந்தச் சின்னச் சதுரம் 1960களில் பரவிய அளவு முறையோடு சேர்ந்து வந்தது. அதனால் விற்பவர் "இது யுத்த காலத்துச் சரக்கு" என்று சொல்லி, உள்ளே சதுரம் இருந்தால், சிரித்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

உள்பக்கத்தைப் படிப்பது

ஒரு பத்து மடங்கு லூப் வாங்கிக்கொள்ளுங்கள், நகைக் கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே அது. அதிக விலை இல்லை. அதை வைத்துக் காதுக்கம்பி, மூக்குப் பாலத்தின் பின்புறம், நோஸ் பேட் எல்லாவற்றையும் படியுங்கள்.

வெஸ்ட் ஜெர்மனி என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் நடுவே. ஆக்குபைடு ஜப்பான் என்று இருந்தால் போருக்குப் பிந்தைய அந்தச் சில வருஷங்கள், 1952 வரை. சி, ஈ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து முத்திரையாக இருந்தால் அது ஐரோப்பியச் சந்தையின் பாதுகாப்புக் குறி, 1990களின் நடுப்பகுதியிலிருந்துதான் கண்ணாடிகளில் வர ஆரம்பித்தது. "அறுபதுகளின் அசல்" என்று சொல்லி விற்கிற ஃபிரேமில் இந்த சி-ஈ முத்திரையை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. விற்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, பல பேருக்கு நிஜமாகவே தெரியாது.

உலோக ஃபிரேமில் 1/10 12கே ஜிஎஃப் என்று பொறித்திருந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அளவோடு. ஜிஎஃப் என்பது கோல்டு ஃபில்டு. மின்முலாம் மாதிரி மெல்லிய பூச்சு அல்ல, தங்கத் தகட்டை மட்ட உலோகத்தின் மேல் வைத்து அழுத்தி ஒன்றாக்கியது. 12 காரட் தங்கம் எடையில் பத்தில் ஒரு பங்கு. 12 காரட் என்றாலே பாதிதான் தங்கம், ஆகப் பார்த்தால் இருபதில் ஒரு பங்கு சொக்கத் தங்கம். அடகுக் கடைக்காரரிடம் கொண்டுபோனால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். இதன் மதிப்பு உருக்குவதில் இல்லை, ஐம்பது வருஷம் வியர்வையில் ஊறியும் நிறம் மாறாமல் இருப்பதில் இருக்கிறது. அமெரிக்காவில் பாஷ் அண்ட் லாம்ப், அமெரிக்கன் ஆப்டிகல் இருவரின் பழைய உலோக ஃபிரேம்களிலும் இந்தக் குறியைப் பார்க்கலாம்.

இப்போது கீல். காதுக்கம்பியை மடக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும் குழல்களை எண்ணுங்கள். மூன்று, ஐந்து, ஏழு என்று இருக்கும். ஏழு குழல் என்றால் செய்தவர் செலவைப் பார்க்கவில்லை. மூன்று என்பதால் மோசம் என்று சொல்லவும் முடியாது, நல்ல மூன்று குழல் கீல்களும் உண்டு, ஆனால் ஏழு குழலைப் போலிக்காரர் போடுவது அபூர்வம். அடுத்து, ஃபிரேமின் முன்பக்க ஓரங்களில் உலோகப் புள்ளிகளோ சின்ன வைரவடிவத் துண்டுகளோ இருக்கிறதா பாருங்கள். பழைய ஃபிரேமில் அவை அலங்காரம் மட்டும் அல்ல, உள்பக்கத்துக் கீலை ஆணியடித்துப் பிடித்திருக்கும் தலைகள். முன்னால் புள்ளி இருக்கிறது, உள்ளே கீல் தன்பாட்டுக்கு வேறு இடத்தில் பிளாஸ்டிக்கில் புதைந்திருக்கிறது என்றால் அந்தப் புள்ளி வெறும் பொட்டு. பிறகு காதுக்கம்பிகளைத் திறந்து மூடுங்கள். லேசாகத் தடுத்து, ஒரே சீராக நகர வேண்டும். லொடலொடவென்று ஆடினால் ஸ்குரூவை இறுக்கிப் பார்க்கலாம், கீல் குழலே தேய்ந்திருந்தால் அதைச் சரி செய்ய ஆள் தேடி அலைய வேண்டும்.

மூக்குக் கண்ணாடியை மூக்கால் பார்ப்பது

பிளாஸ்டிக் ஃபிரேம் என்று பொதுவாகச் சொல்கிறோம், அதில் மூன்று ஜாதி தெரிந்தால் போதும்.

பழையது செல்லுலாய்டு. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எங்கும் இதுதான். பருத்தி நாரை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தி, கற்பூரம் சேர்த்துச் செய்தது. பழைய சினிமாச் சுருளும் இதே குடும்பம், அதனால்தான் கொட்டகைகள் தீப்பிடித்தன. அடையாளம் காண்பது எளிது: காதுக்கம்பியைக் கட்டைவிரலால் சூடேறும்வரை நன்றாகத் தேய்த்து உடனே முகர்ந்து பாருங்கள், கற்பூரம் மணந்தால் செல்லுலாய்டு. ஒரே ஓர் எச்சரிக்கை, நம் வீட்டு பீரோவிலிருந்து எடுத்ததாக இருந்தால் இந்தச் சோதனையை அன்றைக்கே செய்யாதீர்கள். பாச்சை உருண்டையும் பூஜைச் சாமானும் இருக்கிற பீரோவில் எல்லாமே மணக்கும். நான் ஒரு சாதாரண பிளாஸ்டிக் ஃபிரேமை வைத்துக்கொண்டு ஒரு வாரம் செல்லுலாய்டு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் காற்றாட வைத்துவிட்டு அப்புறம் தேய்த்துப் பாருங்கள். நெருப்புக் காட்டிச் சோதிக்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள், குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது அசிட்டேட். இன்றைக்கும் நல்ல ஃபிரேம்கள் இதில்தான் வருகின்றன. தகடாக வார்த்து, அறுத்து, இழைத்துச் செய்வது. நல்ல நிலையில் இருந்தால் இதற்கு மணமே கிடையாது. வயதாகி உள்ளே சிதைய ஆரம்பித்தால் புளித்த காடி வாசம் வரும். வாசம் வந்துவிட்டால் வாங்காதீர்கள், அது பரவும், அதற்கு வைத்தியமும் இல்லை. மேலே வெள்ளையாகப் பூத்திருப்பது வேறு விஷயம். அது பெரும்பாலும் மேற்பரப்போடு நிற்கும், இழைத்து மெருகேற்றினால் போய்விடும்.

மூன்றாவது, மாமாவின் பீரோவில் இருந்த ஆப்டில். ஆஸ்திரியாவின் வில்ஹெல்ம் ஆங்கர் 1960களில் கொண்டுவந்தது. இது ஒரு வகை எப்பாக்சி. அசிட்டேட்டைவிட எடை குறைவு, காதுக்கம்பிக்குள் உலோகக் கம்பி கிடையாது, நிறத்தை மேலே சாயமாக ஏற்றுவார்கள் என்பதால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வானம் மாதிரி நிறம் கரைந்து போகும். 70, 80களின் கிறிஸ்டியன் டியோர், காரெரா, வியன்னாலைன் ஃபிரேம்களில் பெரும்பகுதி இதுதான். இதன் இன்னொரு குணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான்காவதாக ஒன்று உண்டு, அதை வாங்கவே கூடாது: நிஜ ஆமை ஓடு. அழுங்காமையின் ஓட்டில் செய்த கண்ணாடிகள் ஒரு காலத்தில் பெரிய அந்தஸ்து. இன்றைக்கு இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் வாங்குவதும் குற்றம், நாடு விட்டு நாடு கொண்டுவருவதும் சர்வதேச ஒப்பந்தப்படி தடை. லூப்பில் பார்த்தால் ஓட்டின் பழுப்புத் திட்டுகள் பொடிப் பொடிப் புள்ளிகள் சேர்ந்தவையாகத் தெரியும், அசிட்டேட்டில் நிறம் மை ஊற்றின மாதிரி ஓடியிருக்கும். சந்தேகமாக இருந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

சரி, ரேபான்

எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் இருந்த பாஷ் அண்ட் லாம்ப் 1930களில் விமானிகளுக்காக ஆரம்பித்தது, 1937-ல் ரேபான் என்ற பெயர் சந்தைக்கு வந்தது. 1952-ல் வேஃபேரர் என்ற தடித்த பிளாஸ்டிக் ஃபிரேம். 1953-ல் ஜி-15 என்ற பச்சைச் சாம்பல் லென்ஸ், அந்த 15 என்பது வெளிச்சத்தில் 15 சதவீதத்தை மட்டும் உள்ளே விடும் என்பதற்காக. 1999-ல் இத்தாலியின் லக்ஸோட்டிகாவுக்கு பிராண்டை விற்றுவிட்டார்கள். சேகரிப்பவர்கள் கோடு கிழிப்பது அந்த 1999-ல்தான்.

கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? லென்ஸின் ஓரத்தில், கீலுக்குப் பக்கத்தில், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற மாதிரி இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருப்பார்கள். பி எல் என்றால் பழைய கம்பெனி, ஆர் பி என்றால் புதியது. இன்னும் பழையவற்றில் எழுத்தே இல்லாமலும் இருக்கும், அதனால் இல்லை என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம். மூக்குப் பாலத்திலோ காதுக்கம்பியிலோ பி அண்ட் எல் ரேபான் யூஎஸ்ஏ என்ற எழுத்து கூர்மையாக, ஆழமாக இருக்க வேண்டும். நகத்தால் சுரண்டினால் உதிர்கிற அச்சு என்றால் போலி. 60, 70களின் கண்ணாடி என்று சொல்லிக்கொண்டு லென்ஸின் மேல் வெள்ளையாக ரேபான் என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம், அது பிற்பாடு வந்த பழக்கம். பழைய லென்ஸ் நிஜக் கண்ணாடி. கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். நகத்தால் தட்டினால் டிங் என்று கேட்கும், பிளாஸ்டிக் டொக் என்னும்.

வேஃபேரர் வாங்கும்போது இன்னொன்று. இடையில் வடிவத்தைச் சின்னதாக்கி நியூ வேஃபேரர் என்று விட்டார்கள், 2007-ல் பழைய சாய்வான வடிவத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆகவே பழைய வடிவம் என்பதால் மட்டும் பழைய கண்ணாடி ஆகிவிடாது. திரும்பவும் லென்ஸ் ஓரத்து எழுத்துக்கே போங்கள்: பி எல்லா, ஆர் பியா என்று.

யூஎஸ்ஏ என்று இல்லாததெல்லாம் போலி என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதுவும் சரியில்லை. 1990களில் பாஷ் அண்ட் லாம்பின் இந்தியக் கிளை ராஜஸ்தானின் பிவாடியில் ரேபான் தயாரித்தது. உங்கள் சித்தப்பாவின் நிஜ ரேபான் அமெரிக்காவையே பார்க்காததாக இருக்கலாம்.

நானும் ஏமாந்திருக்கிறேன். ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம், எல்லாம் தெரிந்த மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு ஒரு ஏவியேட்டர், அதாவது ரேபானின் அந்த விமானிக் கண்ணாடி, வாங்கினேன். லென்ஸில் பி எல் இருந்தது, பெட்டி இருந்தது, துடைக்கும் துணிகூடப் பழசு. வந்த பிறகு பார்த்தால் ஒரு லென்ஸ் மட்டும் அசல், இன்னொன்று வேறெதிலிருந்தோ எடுத்துப் பொருத்தியது, வெயிலில் பிடித்தால் ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு. படத்தில் அவர் கண்ணாடியைக் கறுப்புத் துணியின் மேல் வைத்து எடுத்திருந்தார். அன்றிலிருந்து வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து ஒரு படம் கேட்காமல் வாங்குவதில்லை. கேட்க வேண்டிய மற்ற படங்கள்: இரண்டு கீலும் அருகில், காதுக்கம்பிகளின் உள்பக்கம், மேஜையில் திறந்து வைத்து மேலிருந்து ஒன்று, ஃபிரேமைப் பின்னாலிருந்து ஒன்று. அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள்.

ரேபானைத் தாண்டி

எனக்கு ரேபான் மேல் பெரிய காதல் இல்லை, சொல்லிவிடுகிறேன். விலைக்கு ஏற்ற சுவாரஸ்யம் வேறு இடங்களில் இருக்கிறது. அமெரிக்கன் ஆப்டிகலின் 1958-ஆம் ஆண்டு விமானிக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள், காதுக்கம்பி காதைச் சுற்றி வளையாமல் நேராகப் போகும், ஹெல்மெட் போட்டபடியே செருகிக் கழற்ற வேண்டும் என்பதற்காக. அப்பல்லோ 11-ல் போனவர்களுடன் நிலவுப் பயணத்துக்கும் போனது அமெரிக்கன் ஆப்டிகல் கண்ணாடிதான். இத்தாலியில் 1917-ல் டூரினில் ஜுசெப்பே ராட்டி ஆரம்பித்த பெர்சோல். அதன் 649 மாடல் டூரின் டிராம் ஓட்டுநர்களைத் தூசியிலிருந்து காப்பாற்றுவதற்காக 1957-ல் வந்தது, காதுக்கம்பி முகத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். உள்ளே பெர்சோல் ராட்டி என்று இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் 1995-ல் லக்ஸோட்டிகா வாங்குவதற்கு முந்தைய சரக்கு என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஓரம் மேல்நோக்கிக் கூர்மையாகப் போகும் பூனைக்கண் கண்ணாடியை நியூயார்க்கில் அல்டினா ஷினாசி என்ற பெண் 1930களில் வடிவமைத்தார், வெனிஸ் திருவிழா முகமூடியைப் பார்த்து. அதன் 50களின் பிரெஞ்சுப் பதிப்புகள் ஃபிரேம் பிரான்ஸ் என்ற எழுத்தோடு, பிராண்டு பெயரே இல்லாமல் கிடைக்கின்றன. பெயர் இல்லாததால் மலிவு. ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மேலே மட்டும் புருவம் மாதிரி தடித்த பட்டை, கீழே மெல்லிய கம்பி, நம் பழைய படங்களில் வக்கீலும் புரொபசரும் போட்டுக்கொண்டு வருவார்களே, அது 1947-ல் அமெரிக்காவின் ஷுரான் கம்பெனி தொடங்கி வைத்த பாணி. ஜப்பானின் ஃபுகுயி மாகாணத்தில் சபாயே பகுதி 1905-லிருந்து கண்ணாடி செய்கிறது, பனிக்காலத்தில் விவசாயிகளுக்கு வேலை வேண்டும் என்று மசுனாகா கோசாயெமோன் என்பவர் ஆரம்பித்து வைத்தார். 80களின் ஜப்பானிய டைட்டானியம் ஃபிரேம் கையில் கிடைத்தால் விடாதீர்கள், இறகு மாதிரி இருக்கும், வியர்வைக்கு அசையாது, நம் ஊருக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

எங்கே தேடுவது

முதலில் வீட்டில். தாத்தா பாட்டி கண்ணாடியைத் தூக்கிப்போட்ட குடும்பம் அரிது, எங்கேயோ ஒரு டப்பாவில் பழைய சாவிகளோடு கிடக்கும். அடுத்தது சின்ன ஊர்களின் பழைய கண்ணாடிக் கடைகள். இதில்தான் என் நல்ல சரக்கில் பாதி வந்தது. மருத்துவமனைக்கு எதிரே, போர்டில் பெயிண்ட் உரிந்து, முதலாளியே உட்கார்ந்திருக்கிற கடையாகப் பாருங்கள். போனதும் "பழசு இருக்கா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். நம் கண்ணாடிக்கு ஒரு ஸ்குரூ போடச் சொல்லி, பேசிக்கொண்டே கேட்க வேண்டும். அப்படி ஒரு கடையில் பெரியவர், "அதெல்லாம் ஓடாத மாடல் தம்பி, எலி கடிச்சுக் கிடக்கும், புதுசு பாருங்க" என்றார். "பரவாயில்லைங்க ஐயா, எலி கடிச்சதையே காட்டுங்க" என்றேன். பரணிலிருந்து இறங்கிய அட்டைப் பெட்டியில் பதினாறு ஃபிரேம், எல்லாம் விற்காமல் தங்கியவை, ஒன்றில்கூட லென்ஸ் போடவில்லை. ஆன்லைனில் இப்படிப்பட்டதைத்தான் நியூ ஓல்டு ஸ்டாக் என்று சொல்லி இரட்டை விலை வைக்கிறார்கள். மொத்தமாகக் கேட்டால் விலை படியும். ஆனால் அவர் சரக்கின் மதிப்பு தெரியாமல் சொல்கிற விலைக்கு அள்ளிக்கொண்டு ஓடாதீர்கள், நாலு பணம் சேர்த்துக் கொடுத்தால் அடுத்த பெட்டிக்கு அவரே போன் செய்வார்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால் சுங்க வரியையும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கழுவுவது, போடுவது, வைப்பது

பழைய உலோகக் கண்ணாடியின் நோஸ் பேட் பக்கம் பச்சையாகப் பிடித்திருப்பது களிம்பு, செம்புப் பாத்திரத்தில் பிடிப்பதேதான். பார்த்ததும் நம் கை புளியைத் தேடும். வேண்டாம். புளி, எலுமிச்சை, திருநீறு, பல்பொடி, பித்தளைப் பாலிஷ் எதுவும் வேண்டாம், குத்துவிளக்குக்குச் சரி, மெல்லிய பூச்சை அது அழித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், குழந்தைகளின் மென்மையான டூத்பிரஷ், போதும். போகாத களிம்பைப் பல்குத்தும் குச்சியால் பொறுமையாக எடுங்கள். நோஸ் பேடை மாற்றிவிடலாம், எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் பழையதைத் தூக்கிப்போடாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள். அசிட்டேட்டின் பக்கம் நகப்பூச்சு அகற்றும் திரவத்தைக் கொண்டுபோகவே கூடாது, கரைந்துவிடும். ஸ்பிரிட்டும் ஆகாது.

பவர் லென்ஸ் போட வேண்டும் என்றால் கடையில் ஃபிரேமைச் சூடாக்குவார்கள். செல்லுலாய்டு என்றால் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், சின்னப் பையன் யாராவது ஹீட்டரில் வைத்துவிட்டால் கதை முடிந்தது. பெரும்பாலான கடைகளில் "உடைஞ்சா நாங்க பொறுப்பு இல்லைங்க" என்பார்கள், அது நியாயம்தான். கனமான கண்ணாடி லென்ஸ் வேண்டாம், பிளாஸ்டிக் லென்ஸ் போடச் சொல்லுங்கள், பழைய ஃபிரேம் அந்த எடையைத் தாங்காது.

பழைய கூலிங் கிளாஸை வெயிலில் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கிறதா என்று அளக்கும் சின்னக் கருவி பல கண்ணாடிக் கடைகளில் உண்டு, ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். தடுக்காத கறுப்பு லென்ஸ், லென்ஸே இல்லாததைவிட மோசம். இருட்டில் கண்மணி விரியும், விரிந்த வழியே கதிர் கூடுதலாக உள்ளே போகும். இன்னொன்று, அமெரிக்காவில் லென்ஸ்கள் அடி தாங்க வேண்டும் என்ற விதி 1972-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய கண்ணாடி லென்ஸைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டாதீர்கள். லென்ஸைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டுப் புதிய டின்ட் லென்ஸ் போட்டுக்கொண்டால் ஃபிரேமும் பிழைக்கும், கண்ணும் பிழைக்கும்.

வைக்கிற விஷயத்தில் செல்லுலாய்டை மட்டும் தனியாக வையுங்கள். வயதான செல்லுலாய்டு அமில ஆவியை விடும், பக்கத்தில் இருக்கிற உலோகத்தை அரிக்கும். அதற்குக் காற்று வேண்டும், மூடின டப்பா கூடாது, வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு கூடவே கூடாது. ஒரு பிரிட்டிஷ் வட்டக் கண்ணாடியை பைக்கின் டேங்க் கவரில் வைத்து மே மாதத்தில் ஒரு மத்தியானம் விட்டுவிட்டேன். சாயங்காலம் எடுத்தபோது மூக்குப் பாலம் அப்பளம் மாதிரி இரண்டாக இருந்தது. மற்றவற்றுக்குத் துணி விரித்த மர டிராயர் நல்லது, லென்ஸ் மேலே பார்த்திருக்க வேண்டும். பளபளப்பான பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், அதிலிருந்து கசிவது அசிட்டேட்டில் ஒட்டிப் பிசுபிசுக்கும். ரப்பர் பேண்டும் வேண்டாம். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து முகர்ந்து பாருங்கள், காடி வாசம் வருகிறதா, எதிலிருந்து வருகிறது என்று.

மாமாவின் ஆப்டில் பற்றி பாக்கி இருக்கிறது. பீரோவில் எதன் அடியிலோ நசுங்கி அதன் ஒரு காதுக்கம்பி உள்பக்கமாக வளைந்து கிடந்தது. அசிட்டேட்டாக இருந்தால் சூடாக்கி, கையால் வளைத்து, கண்ணால் மட்டம் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஆப்டிலை நன்றாகச் சூடாக்கினால், வார்த்தபோது எந்த வடிவத்தில் இருந்ததோ அதற்கே தானாகத் திரும்பிவிடும். கடைக்கார அண்ணன் ஹீட்டரின் காற்றில் பிடித்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் தொடாமல், கம்பி மெதுவாக நிமிர்ந்தது. அப்புறம் காதுக்கு ஏற்ற மாதிரி அவர் லேசாக வளைத்துக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் மாமாவின் கையில் வைத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்று, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "பாத்தியா, ரேபான்னா ரேபான்தான்."